கோவையில் "மெஷினும் மனுசரும்" நடை: எங்கே தொடங்கி எங்கே நிறுத்தலாம்?

நடைக்காரி:

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை ஊருக்குள் நடக்கப் போவோம். குளங்கள் முடிந்தன, கோயில்கள் முடிந்தன, பெரிய கடைவீதியும் ராஜ வீதியும் இரண்டு தடவை முடிந்தன. அடுத்த நடைக்கு, கோயம்புத்தூரில் பிறந்த கருவிகள், அவற்றால் மாறிய வாழ்க்கை என்று தலைப்பு வைத்திருக்கிறேன். வரப்போவது இருபது பேர். ஆறு பேர் பிளஸ் டூ பிள்ளைகள், மூன்று பேர் எழுபதைத் தாண்டியவர்கள்.

போன வருடம் இதே மாதிரி ஒன்றை நடத்திக் கெடுத்துக்கொண்டேன். சிலைக்குச் சிலை நின்று, கல்வெட்டில் இருப்பதை நானே ஒரு தடவை சத்தமாக வாசித்தேன். பிறந்தார், தொடங்கினார், மறைந்தார். மூன்றாவது சிலையில் ஒரு பெண் பிள்ளை, "அக்கா, இதை வீட்டிலேயே போன்ல படிச்சிருக்கலாமே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான்.

இப்போது போட்டிருக்கும் வழி இது: டவுன் ஹால், வெரைட்டி ஹால் ரோடு, ரயில் நிலையம், காந்திபுரம் மத்திய சிறை, அங்கிருந்து அவிநாசி ரோடு பிடித்து ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம், லட்சுமி மில்ஸ், கடைசியில் பீளமேடு. காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் முடியுமா? எதை விடலாம்? கருவிக் கதை ஒரு பக்கம், சமூகக் கதை ஒரு பக்கம் என்று ஆகாமல் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வழி உண்டா? பட்டறையிலோ மில்லிலோ இருந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


லேத்துக்காரர்:

அம்மிணி, இந்த வழியை நடந்து பார்த்துப் போட்டீர்களா, மேப்பில் பார்த்துப் போட்டீர்களா? எழுபது வயசுக்காரர்களை வைத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் நடப்பது ஆகிற காரியம் இல்லை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரை வைத்துவிட்டார்கள். பாலத்தின் மேலே கார் பறக்கிறது, கீழே நடக்கிறவன் தூணைச் சுற்றிக்கொண்டு போகிறான். டவுன் ஹாலையும் வெரைட்டி ஹால் ரோட்டையும் நடந்து முடியுங்கள். மீதியை டவுன் பஸ்ஸில் போங்கள். பஸ்ஸும் இந்த ஊர்க் கதையில் ஒரு மெஷின்தான்.

நான் 1974-ல், பதினாறு வயசில், கணபதியில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். அப்புறம் இரும்பைக் கடையும் லேத்தில் 44 வருஷம். மெஷின்காரன் என்பதால் ஒன்று சொல்கிறேன். எந்தக் கருவி முன்னால் நின்றாலும் "கண்டுபிடித்தவர் யார்" என்பதில் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இது வருவதற்கு முன்னால் இந்த வேலையை யார் கை செய்துகொண்டிருந்தது? வந்த பிறகு அந்தக் கை எங்கே போயிற்று? நீங்கள் கேட்ட ஒட்டவைக்கிற வேலைக்கே இடம் இருக்காது.

டவுன் ஹாலில் தொடங்குவது சரி. 1892-ல் கட்டி முடித்த கட்டடம். அதற்கு முன்னால் நின்று விக்டோரியா மகாராணியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. சே.ப. நரசிம்மலு நாயுடுவைப் பற்றிப் பேசுங்கள். நிதி திரட்டி அந்த மண்டபத்தைக் கொண்டுவந்தவர். பத்திரிகை நடத்தினார், பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தை இங்கே வளர்த்தார், 1888-ல் ஸ்டேன்ஸ் துரையோடு ஊரின் முதல் நூற்பாலை வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று அந்தக் காலத்திலேயே பேசியவர். ஒரே ஆள் பத்திரிகை, மில், குடிநீர், சமூகச் சீர்திருத்தம் என்று நாலிலும் கை வைத்திருக்கிறார். அவருக்கு இவை தனித்தனிச் சமாசாரமாகவே தெரியவில்லை. நமக்குத்தான் பாடப்புத்தகம் பிரித்துக் கொடுத்துவிட்டது.

அவர் பேசிய தண்ணீர் வந்து சேர்ந்தது 1920-களின் கடைசியில். நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் காலத்தில். ஆர்.எஸ். புரம் என்று தினம் சொல்கிறோமே, அது அவர் பேர். தண்ணீர் வருவதற்கு முன்னால் பிளேக் இந்த ஊரைப் பல வருஷம் வாரிக்கொண்டு போயிருக்கிறது. பிளேக் மாரியம்மன் கோயில் என்று ஊருக்குள் பல இடத்தில் பார்ப்பீர்கள். வழியில் ஒன்று தட்டுப்பட்டால் நின்று கேளுங்கள்: குழாய்க்கு முன்னால் தண்ணீர் சுமந்த இடுப்பு யாருடையது?

வெரைட்டி ஹால் ரோட்டில் சாமிக்கண்ணு வின்சென்ட். இவர் கதையைச் சுருக்காதீர்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளர். 1905-ல் படம் காட்ட வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கருவிகளை விலைக்கு வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவில் சினிமாவுக்கென்று நிலையாக எழுந்த முதல் கொட்டகைகளில் ஒன்று. பின்னால் டிலைட் தியேட்டர் ஆயிற்று. ரோட்டுக்குப் பழைய பேரே நின்றுவிட்டது.

கொட்டகையில் தரை டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று வித்தியாசம் உண்டு. ஆனால் அது காசு பார்த்து வைத்த வித்தியாசம். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்கும் வந்தது 1947-ல். கொட்டகை 1914-லேயே இருக்கிறது. இந்த இரண்டு வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். பிள்ளைகள் பேசட்டும்.

அப்புறம் கிரைண்டர். உங்கள் வழியில் கிரைண்டரே இல்லையே! கோயம்புத்தூரின் பேர் சொல்லும் மெஷின் அதுதான். 1955-ல் சபாபதி என்பவர் இங்கே செய்தார். 2005-06-ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதைக் கடையில் காட்டாதீர்கள், கடையில் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். பழைய வீடு எதிலாவது ஆட்டுக்கல் கிடக்கும். அதன் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். குழவியைச் சுற்றுவது வலது கை. இடது கை சும்மா இல்லை, விளிம்பில் ஏறுகிற மாவை ஒவ்வொரு சுற்றுக்கும் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். அரைக் கணம் பிசகினால் விரல் குழவிக்கும் உரலுக்கும் நடுவில். எங்கள் அம்மாவுக்கு இடது ஆள்காட்டி விரல் நகம் கடைசிவரை நேராக முளைக்கவில்லை. இப்போது இதை மோட்டாரில் ஓட்ட வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? யாராக இருந்தாலும் முதலில் குழவியைச் சுற்றத்தான் பார்ப்பான், கை அதைத்தானே செய்தது. கிரைண்டர் அதைத் தலைகீழாக்கிற்று. குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு, உரலைச் சுற்றவிட்டது. உரல் சுற்றினால் மாவு தானாகவே சுற்றி வருகிறது. இடது கை செய்த வேலைக்கு ஒரு பலகையை ஓரத்தில் நிறுத்தி வைத்தால் போதும், வருகிற மாவை அதுவே வழித்து உள்ளே தள்ளும். நான் எத்தனையோ மெஷின் பார்த்துவிட்டேன். இந்த ஒரு திருப்பத்தை நினைத்தால் இன்றைக்கும் சபாஷ் என்று சொல்லத் தோன்றும்.

இதை நீங்கள் சொல்லாதீர்கள். உரலையும் கிரைண்டரையும் பார்க்கவிட்டு, எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

சிறைக்குப் போனால் வ.உ.சி. இழுத்த செக்கு. 1908-லிருந்து 1910 வரை கோவைச் சிறையில் இருந்தார். உள்ளே போக முடியாவிட்டால் மதில் ஓரமாக நின்று பேசினாலும் போதும். கருவி வந்து மனிதனின் கையை விடுவித்தது என்று காலையிலிருந்து பேசிக்கொண்டு வருவீர்கள். இங்கே மாட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மனிதனைப் பூட்டினார்கள். கப்பல் ஓட்டியவரைச் செக்கில் பூட்டினார்கள். ஒரே நடையில் இரண்டையும் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. பீளமேட்டிலோ கணபதியிலோ ஒரு பட்டறையைப் பார்க்காமல் இந்த நடையை முடிக்காதீர்கள். இந்த ஊரில் மெஷின் பிறந்ததே ரிப்பேரில்தான். மில்லுக்கு வேண்டிய மெஷின் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். ஒரு பல்சக்கரம் உடைந்தால் அடுத்தது வர மாசக்கணக்கு. உலகச் சண்டைக் காலத்தில் அதுவும் நின்றுபோயிற்று. உடைந்ததைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, மரத்தில் பேட்டர்ன் செதுக்கி, மண்ணில் அச்சு எடுத்து, இரும்பைக் காய்ச்சி ஊற்றி, லேத்தில் கடைந்து கொடுத்தார்கள். பத்துச் சக்கரம் செய்தவன் பதினொன்றாவதில், இதை ஏன் நாமே முழுசாகச் செய்யக்கூடாது என்று யோசித்தான். எனக்குத் தெரிந்தவர் பட்டறை ஒன்று இருக்கிறது, காட்டச் சொல்கிறேன். ஆனால் ஞாயிறு பூட்டு. சனிக்கிழமை வாருங்கள். சாயங்காலம் வாரச் சம்பளம் என்பதால் அன்றைக்கு எல்லார் முகமும் நன்றாக இருக்கும்.


ஹோப்ஸ் ஸ்டாப்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் சிலை வேண்டாம் என்ற வேகத்தில் ஜி.டி. நாயுடுவைப் பாலத்தோடு விட்டுவிட்டுப் போய்விட்டாரே! பஸ்ஸில் போங்கள் என்று சொன்னவர் அந்த பஸ் கதையையாவது சொல்லியிருக்கலாம். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஓட்டத் தொடங்கியவர். பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவே இல்லை. அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் செய்த மோட்டார்தான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்கிறார்கள். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்றார். முகம் மழிக்க ரசாந்த் ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதியும் மெஷின் என்று பட்டியல் நீளும். வரிக் கொடுமையைக் கண்டித்துத் தன் ரேடியோக்களைத் தானே பொதுவில் உடைத்துப் போட்டவரும் அவர்தான்.

அருங்காட்சியகம் போக நேரமில்லை என்றால் ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்குங்கள். கண்டக்டர் "ஹோப்ஸ், ஹோப்ஸ்" என்று கூவுவார். இறங்கிப் பார்த்தால் அந்தப் பேரில் காலேஜே இருக்காது. 1945-ல் நாயுடு கொடையால் எழுந்த ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி அங்கே இருந்தது. அப்போதைய சென்னை கவர்னர் பேர். கல்லூரி பின்னால் தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தபோது, இந்தப் படிப்புக்கு எதற்கு நாலு வருஷம், இரண்டு போதும் என்று நாயுடு வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். பிளஸ் டூ பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அரைமணி நேரம் சண்டை நடக்கும். எங்கள் வீட்டில் நடந்தது.


ரீலிங் மகள்:

தங்கச்சி, லேத்துக்கார அண்ணன் சொன்ன இரண்டு கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாவின் கை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.

அம்மா மில்லில் ரீலிங், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற வேலை. எந்த மில் என்று சொல்லவில்லை, இப்போது அந்த மதிலுக்குள் முள்தான் முளைத்திருக்கிறது. 11 வருஷம் பதலியாகவே வைத்திருந்தார்கள். பதலி என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது, சொல்லுங்கள். காலையில் மில் கேட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் தூக்குப்போசியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அம்மா திரும்பி வரும் நாளில் எங்களுக்கு மத்தியானம் சுடு சோறு கிடைக்கும். அதனால் நாங்கள் சின்னப் பிள்ளைகள் சந்தோஷப்பட்டிருக்கிறோம். இப்போது நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

அம்மாவோடு அந்தக் காலத்தில் ரீலிங்கிலும் வைண்டிங்கிலும் நிறையப் பெண்கள். பின்னால் குறைந்துகொண்டே வந்தார்கள். மில்கள் மூன்று ஷிப்ட் ஓட ஆரம்பித்தன. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி அப்போது பெண்களுக்குக் காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணிவரைதான் வேலை. பாதுகாப்புக்காக எழுதிய சட்டம்தான். ஆனால் ராத்திரி ஷிப்டுக்கு ஆகாத ஆள் எதற்கு என்று கணக்குப் போட்டவர்கள் அதையே காரணமாக்கிக்கொண்டார்கள். மெஷின் வந்து கை போன கதை எல்லாருக்கும் தெரியும். கடிகாரம் வந்து கை போன கதை இது.

கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது 1983 தீபாவளி போனஸில். அப்பா ரேடியோவோடு சேர்ந்த டேப்ரெக்கார்டர் வேண்டும் என்றார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நேராகப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி முதல் தடவை ஓடும்போது தெருவே வந்து பார்த்தது. தடதடவென்று ஒரு சத்தம், பெல்ட் வாசனை. அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம். மாவு அரையும்போது அம்மா கை மடியில் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மிச்சமான அந்த நேரத்தில் அம்மா ஓய்வெடுத்தார் என்று எழுத ஆசைதான். இல்லை. தெருவுக்கே மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார், படிக்கு இத்தனை என்று. மில் மூடியபோது எங்களைக் காப்பாற்றியது மாவுதான். என் படிப்பும் அதில்தான் வந்தது. அதனால் கிரைண்டர் பெண்களை விடுவித்தது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு. ஒன்று, சின்னியம்பாளையம். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நாலு பேர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், தொழிற்சங்கத் தகராறில் எழுந்த ஒரு கொலை வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். வ.உ.சி.யின் செக்குக்காக நிற்கும் அதே மதில். அங்கேயே அவர்களையும் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் ஒதுக்கினால் ஒதுங்கியே போய்விடும்.

இரண்டாவது, பாப்பநாயக்கன்புதூர் அருணாசலம் முருகானந்தம். மாதவிடாய்க்கான நாப்கின் செய்யும் மெஷினை உருவாக்கியவர், 2016-ல் பத்மஸ்ரீ. லேத்துக்கார அண்ணன் எப்படி இவரை விட்டார் என்று தெரியவில்லை, இவரும் பட்டறைக்காரர்தானே. மனைவி பழந்துணியை மறைத்துக்கொண்டு போனதைப் பார்த்ததில் தொடங்கியது அவர் வேலை. அதைப் பற்றிப் பேசுவதே அசிங்கம் என்றிருந்த ஊரில் ஓர் ஆண் வருஷக்கணக்காக அதையே ஆராய்ந்தால் என்ன பெயர் கிடைக்கும்? கிடைத்தது. வீட்டில் இருந்தவர்களே சில காலம் விட்டுவிட்டுப் போனார்கள். கோடிக்கணக்கில் விலை சொன்ன மெஷின் செய்யும் வேலையை, மரக்கூழை நாராக்குவது, அழுத்துவது, மூடுவது, கிருமி நீக்குவது என்று சின்னச் சின்ன மெஷினாகப் பிரித்துவிட்டார். பெரிய கம்பெனிக்கு விற்காமல் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார். பையன்கள் இருக்கும் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். பையன்கள் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும்.


லேத்துக்காரர்:

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். முருகானந்தத்தை விட்டது என் தப்பு. எங்கள் பட்டறையிலும் அந்தக் காலத்தில் அவரைக் கிண்டல் பண்ணியவர்கள் உண்டு. நானும் சிரித்திருப்பேன்.

ஹோப்ஸ் ஸ்டாப் தம்பி மோட்டாரைச் சொன்னார், அதற்கு ஒரு வால் சேர்க்கிறேன். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் இங்கே மில்கள் அடுக்கடுக்காக எழுந்தன. அதே கம்பி தோட்டத்துக்கும் போயிற்று. மோட்டாருக்கு முன்னால் கிணற்றில் கவலை, அதாவது எருது கட்டித் தண்ணீர் இறைப்பது. இரண்டு எருது, ஓட்ட ஓர் ஆள், தண்ணீர் மொள்ளும் தோல் பையான பறி. எருது பின்னுக்கு வந்தால் பறி இறங்கும், முன்னுக்குப் போனால் தண்ணீர் ஏறும். விடியக் கருக்கலில் கவலை ஓட்டுகிறவன் பாட்டு ஊருக்கே கேட்கும் என்பார் என் தாத்தா. சுவிட்சைப் போட்டதும் எருது, ஆள், பாட்டு மூன்றும் போய்விட்டன.

பறி தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் குடும்பங்கள். அதற்குக் கூலி என்று கையில் காசு வராது, அறுப்புக் காலத்தில் களத்தில் அளக்கிற தானியம்தான். மோட்டார் வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. அதோடு தோட்டத்துச் சொந்தக்காரர் வாசலில் கைகட்டி நிற்கிற கட்டாயமும் கொஞ்சம் தளர்ந்தது. போனது பெரிதா, தளர்ந்தது பெரிதா என்று நான் சொல்ல முடியாது, நான் அந்த வாசலில் நின்றவன் இல்லை. கிணறு மட்டும் ஆழமாகிக்கொண்டே போயிற்று. அறுபது அடியில் இருந்த தண்ணீரை இப்போது ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கித் தேடுகிறோம். பம்புசெட் ஊர் என்று நெஞ்சை நிமிர்த்துகிறபோது இதையும் சொல்லத்தான் வேண்டும்.


நடைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது சனிக்கிழமைக்கு மாற்றி, நேற்று போய் வந்தோம். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

டவுன் ஹாலில் நான் ஐந்து நிமிடம்தான் பேசினேன். வெரைட்டி ஹால் ரோட்டில் 1914, 1947 என்று இரண்டு வருஷத்தையும் சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை, எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் ஒரு பையன், "அப்போ இருட்டுல உக்காந்தா பக்கத்துல யாருன்னு தெரியாது, அதுனால விட்டாங்களா?" என்று கேட்டான். அதற்கு ஆளாளுக்கு ஒரு பதில்.

ராஜ வீதிக்குப் பின்சந்தில் எங்கள் வட்டத்து அம்மா ஒருவரின் வீட்டு முற்றத்தில் ஆட்டுக்கல். ஊறவைத்த அரிசி தயாராக இருந்தது. 72 வயதுப் பாட்டி உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்ததும் எல்லோரும் போனைத் தூக்கிவிட்டார்கள். இடது கை தானாகப் போய்ப் போய் வந்தது, அவர் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார், கையைப் பார்க்கவே இல்லை. போன வருடம் என்னிடம் கேட்ட அந்தப் பெண் பிள்ளை அடுத்து உட்கார்ந்தாள். நாலாவது சுற்றில் விரலை நசுக்கிக்கொண்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் சிவந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே கிரைண்டரைப் போட்டுப் பார்த்தவள், "அக்கா, இதுல உரல்தான சுத்துது!" என்றாள். அண்ணா, நான் வாயே திறக்கவில்லை.

சிறை மதிலில் செக்கையும் நாலு பேரையும் சேர்த்துச் சொன்னேன். ஹோப்ஸில் இறங்க நேரமில்லை, ஆனால் பஸ்ஸுக்குள்ளேயே அந்த இரண்டு வருஷம், நாலு வருஷம் சண்டை நடந்தது. பையன்கள் எல்லாரும் நாயுடு கட்சி. நாப்கின் மெஷினைப் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். பட்டறைக்காரர்தான், "தங்கமான ஃபிட்டர் வேலைங்க அது" என்று சாதாரணமாகச் சொல்லி என்னைக் காப்பாற்றினார். போகும்போது ஆளுக்கொரு இரும்புச் சுருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு லேசாகக் கை கிழிந்தது. அடுத்த தடவை பிளாஸ்திரி கொண்டுபோக வேண்டும்.

பத்து மணிக்குள் முடியவில்லை. பன்னிரண்டரை ஆயிற்று. அதற்குக் காரணம் எங்களோடு வந்த 74 வயதுப் பெரியவர். மூன்று வருடமாக ஒவ்வொரு நடைக்கும் வருகிறவர், பின்னால் அமைதியாக நடப்பார். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நான் பதலி என்றால் என்ன என்று ரீலிங் மகள் அக்கா எழுதியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அம்மா, அது அப்படி இல்லீங்க" என்று நடுவில் வந்தார். 28 வருஷம் மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடராக இருந்தவராம். யாருக்கும் தெரியாது, நாங்களும் கேட்டதில்லை. மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். முதல் சங்கு எதற்கு, இரண்டாவது எதற்கு, இழை அறுந்தால் எந்த விரலால் முடிச்சுப் போடாமலே ஒட்டுவது என்று தொடங்கிவிட்டார். கையில் நூல் இல்லை, துண்டின் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் காட்டினார்.

நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. யாரும் ஏறவில்லை. அடுத்த பஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அப்போதும் அவர் இரண்டாவது ஷிப்டிலேயே இருந்தார்.